அல்வாவுக்குப் பிறகு...

அல்வா எங்க திருநெல்வேலிச் சரக்கு. ஆனா அதை 'கொடுக்கிற' வித்தையில் ஹாக்கிக்காரங்க எங்களை மிஞ்சிட்டாங்க சார்!

தன்ராஜ் பிள்ளை, புனே கட்கியில் பிறந்த தமிழர். உடைஞ்ச மட்டையைக் கட்டி ஆடிப் பழகி, இந்திய அணியின் முன்கள வீரரானவர். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் அவர்தான் கேப்டன். 32 வருஷம் கழித்து ஹாக்கித் தங்கம்! பரிசு? அவரும் இன்னும் ஆறு சீனியர்களும் அடுத்த அணியில் இல்லை. 'ஓய்வு' என்றார்கள். பணமும் வசதியும் கேட்டதுக்குத் தண்டனை என்றது ஊர்.

நான் கணக்கெழுதிய கம்பெனியிலும் எனக்கு இப்படி அன்பா 'ரெஸ்ட்' கொடுத்தாங்க. ஒரு வாரம் சோறு இறங்கலை.

தன்ராஜ் திரும்பி வந்தார். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் சேர்த்து மொத்தம் நாலு ஒலிம்பிக்.

பக்கத்துக் கோவில்பட்டியில் மட்டையோடு திரியும் தம்பிகளா, கோல் போட யாரும் சொல்லித் தருவாங்க. அல்வா வாங்கின மறுநாளும் மைதானத்துக்குப் போறதை இவர்கிட்ட கத்துக்கோங்கலே!