பல தளங்கள், ஒரு பொறுப்பு

சித்தூரில் வாழும் நம்மவர் தமிழையும் தெலுங்கையும் சமப் பிரீதியுடன் பேசுவதுபோல, விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம் ஆகிய தளங்களில் இயங்கும் மெய்நிகர் சர்வர்களைப் பரிபாலிப்பவனும் ஒவ்வொன்றின் சுபாவத்தையும் அறிந்திருத்தல் அவசியம்.

2023-இல் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிமத்திற்குப் பதிலாகச் சந்தா முறையைக் கொணர்ந்தபின், திருப்பதியில் நான் பராமரிக்கும் சர்வர்களிற் சிலவற்றைக் கேவிஎம்முக்கு மாற்றுகையில், விஎம்வேரின் விஎம்டிகே வட்டுக் கோப்பைக் கேவிஎம் ஏற்கும் க்யூகவ்2 வடிவமாக்குவது சுலபமென்பதையும், விண்டோஸ் இயந்திரங்களில் கேவிஎம்முக்குரிய விர்ட்ஐஓ டிரைவர்களை முன்னதாகவே நிறுவுவதில்தான் ஜாக்கிரதை வேண்டுமென்பதையும் அனுபவம் உணர்த்திற்று.

திருப்பதிக் கோயிலின் 300 ரூபாய்த் தரிசனச் சீட்டுக்காக லட்சோபலட்சம் பக்தர்கள் ஒரே சமயத்தில் இணையத்தை நாடுவதைக் காணும் நமக்கு, தடையற்ற சேவையின் மகத்துவத்தை எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆதலால், எத்தளமாயினும் சேவை தடைபடாதிருக்க, பல தளங்களையும் ஒரே முறையில் அணுக உதவும் லிப்விர்ட் என்னும் கட்டற்ற மென்பொருளை இளம் நிர்வாகிகள் சிரத்தையுடன் பயில வேண்டுமென மனமார விழைகிறேன்.