124 விநாடிக்காக 733 நாள்



நம்ம தேசிய கீதத்தைப் பாடி முடிக்க 52 விநாடி ஆகும். அதை ரெண்டு தடவை பாடிவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கினால் 124 விநாடி. அவ்வளவு சின்ன நேரத்தில் ஒரு குத்துச்சண்டை முடிந்துபோனது. ஆனா அந்த 124 விநாடிக்காக லட்சக்கணக்கான ஜனங்கள் 733 நாள் காத்துக்கிடந்தார்கள். இது கட்டுக்கதை இல்லை, நிஜமாக நடந்தது. அந்தச் சண்டையை விட அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் நான் எழுத ஆசைப்படுகிறேன்.

குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ரொம்ப எடை உள்ளவர்கள் மோதுவது ஹெவிவெயிட் பிரிவு. அந்தக் காலத்தில் ஹெவிவெயிட் சாம்பியன் என்றால் உலகத்திலேயே பலசாலி இவர்தான் என்று அர்த்தம். அப்படி ஒரு வீரர்தான் ஜோ லூயிஸ்.

இவர் 1914-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். இவருடைய அப்பா அம்மாவைப் பெற்றவர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அப்பா வாரத்துக்கு நிலம் பிடித்து உழுதவர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஏழாவது. இவருக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது குடும்பம் பிழைப்புக்காக டெட்ராய்ட் நகரத்துக்குப் போனது. வயலின் கத்துக்கோப்பா என்று அம்மா கொடுத்த காசை இவர் குத்துச்சண்டைப் பயிற்சிக்குக் கட்டிவிட்டாராம்!

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி இருக்கை, தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய். குத்துச்சண்டையிலும் அதே கதைதான். 1908-ல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பின வீரர் முதல் தடவையாக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1910-ல் அவர் ஒரு வெள்ளைக்கார முன்னாள் சாம்பியனை ஜெயித்தபோது பல ஊர்களில் கலவரம் வந்து, உயிர்களும் போயின. 1915-ல் ஜான்சன் தோற்ற பிறகு, 22 வருஷம் எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கொடுக்கவில்லை.

அதனால் லூயிஸை வளர்த்தவர்கள் அவருக்கு நிறைய கட்டுப்பாடு போட்டார்கள். கீழே விழுந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஜெயித்தாலும் ஆட்டம் போடக் கூடாது. பழைய போட்டோக்களில் அவர் முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஜெயித்தவன் சிரிக்கக்கூட யோசிக்கணுமா?

1936 ஜூன் 19. நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். லூயிஸுக்கு 22 வயது. தொழில்முறைப் போட்டியில் அதுவரை 24 தடவை மோதி 24 தடவையும் ஜெயித்தவர். எதிரில் ஜெர்மனியைச் சேர்ந்த மேக்ஸ் ஷ்மெலிங். வயது 30. இவர் 1930 முதல் 1932 வரை உலக சாம்பியனாக இருந்தவர். வயசாயிடுச்சு, சீக்கிரம் அடி வாங்கிட்டுப் போயிடுவாரு என்றுதான் எல்லாரும் பேசினார்கள்.

ஆனா ஷ்மெலிங் சும்மா வரவில்லை. லூயிஸ் மோதிய படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். லூயிஸ் இடது கையை நீட்டிக் குத்திய பிறகு அந்தக் கையைத் தாழ்த்திவிடுகிறார், அப்போ முகத்தின் அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஒரு இடத்தைப் பார்த்து வலது கையால் குத்திக்கொண்டே இருந்தார். நாலாவது சுற்றில் லூயிஸ் விழுந்தார், எழுந்தார். பன்னிரண்டாவது சுற்றில் விழுந்தவர் எழவில்லை.

அன்றைக்கு ராத்திரி நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் தெருவில் பெரிய பெரிய ஆம்பளைங்க குழந்தை மாதிரி அழுதார்களாம். லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்பினக் கவிஞர் அதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு விளையாட்டில் தோற்றதுக்கா இப்படி அழுவாங்க என்று நாம் நினைக்கலாம். அவர்களுக்கு அது விளையாட்டு மட்டும் இல்லை. கடையிலும் வண்டியிலும் கோர்ட்டிலும் அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது. குத்துச்சண்டை மேடை ஒன்றில்தான் ரெண்டு பேருக்கும் ஒரே விதி. அங்கேயும் தோற்றுவிட்டால் வேறு எங்கே போய் ஜெயிப்பது?

அன்றைக்கே காத்திருப்பு தொடங்கிவிட்டது. மறுபடியும் இவங்க ரெண்டு பேரும் மோதணும் என்பதுதான் ஒரே பேச்சு.

லூயிஸ் ஒடிந்துபோய் உட்காரவில்லை. ரெண்டே மாதத்தில் திரும்பவும் மேடை ஏறினார். 1937 ஜூன் 22-ல் சிகாகோவில் ஜேம்ஸ் பிராடாக் என்பவரை எட்டாவது சுற்றில் வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். பட்டம் கிடைத்துவிட்டது, பிறகு என்ன வேணும்? ஆனா லூயிஸ், ஷ்மெலிங்கை ஜெயிக்கும்வரை என்னைச் சாம்பியன் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். ஊரே ஒத்துக்கொண்டாலும் அவர் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. பிராடாக்கோடு மோத முதலில் ஒப்பந்தம் ஆனது ஷ்மெலிங்குக்குத்தான். ஷ்மெலிங் ஜெயித்தால் பட்டம் ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போய்விடுமே என்ற பயம் பல பேருக்கு இருந்தது. கடைசியில் வாய்ப்பு லூயிஸுக்குப் போனது. ஜெயித்த நான் ஓரமாக நிற்கிறேன், தோற்றவர் சாம்பியன் ஆகிறாரே என்று ஷ்மெலிங்குக்கும் ஆதங்கம். ஆக ரெண்டு பேரும் காத்திருந்தார்கள்.

காத்திருக்கக் காத்திருக்கச் சுமையும் ஏறியது. ஹிட்லர் ஆட்சியில் யூத மக்களுக்குக் கொடுமை நடந்தது. 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியா நாட்டையே எடுத்துக்கொண்டது. அதனால் ஷ்மெலிங் அமெரிக்கா வந்து இறங்கியபோது அவரை ஒரு விளையாட்டு வீரராக யாரும் பார்க்கவில்லை, ஹிட்லரின் ஆளாகத்தான் பார்த்தார்கள். உண்மையில் அவர் ஹிட்லரின் கட்சியில் சேராதவர். அவருடைய மேனேஜர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். அவரை விட்டுவிடு என்று மேலிடம் நெருக்கியும் ஷ்மெலிங் விடவில்லை. ஆனா இதையெல்லாம் விசாரிக்க அன்றைக்கு யாருக்குப் பொறுமை?

லூயிஸ் தலையிலும் பெரிய மூட்டை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, கையைத் தொட்டுப் பார்த்து, ஜெர்மனியை ஜெயிக்க இந்த மாதிரி பலம்தான் வேணும் என்கிற அர்த்தத்தில் பேசினாராம். யோசித்துப் பாருங்கள். தென்மாநிலத்துக்குப் போனால் பொதுக்குழாயில் தண்ணீர் குடிக்க முடியாத ஒருத்தர்தான் இப்போ நாட்டுக்கே மானம் காக்க வேண்டியவர்!

1938 ஜூன் 22. அதே யாங்கி ஸ்டேடியம். சுமார் 70,000 பேர் கூடியிருந்தார்கள். ஷ்மெலிங் நடந்து வரும்போது அவர் மேல் குப்பையை எறிந்தார்கள். அப்போ வீட்டு வீட்டுக்கு டி.வி. கிடையாது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஏழு கோடி பேர் ரேடியோவில் கேட்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் அப்போ விடிகாலை 3 மணி. அங்கேயும் ஜனங்கள் தூங்காமல் ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்தது. லூயிஸ் பாய்ந்தார். இந்தத் தடவை இடது கை தாழவே இல்லை. ஷ்மெலிங்கைக் கயிற்றோடு ஒட்டிவைத்துக் குத்தினார். ஷ்மெலிங் உடம்பைத் திருப்பியபோது ஒரு குத்து முதுகுப் பக்கம் விழுந்து எலும்பு முறிந்தது. அவர் வலியில் கத்தினார். மூன்று தடவை விழுந்தார். அவருடைய ஆட்கள், போதும் என்று துண்டை மேடைக்குள் எறிந்தார்கள். நடுவர் சண்டையை நிறுத்தினார். முதல் சுற்றுகூட முடியவில்லை. 2 நிமிஷம் 4 விநாடி!

ஹார்லெமில் அன்றைக்குத் தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அழுத அதே தெரு. ஒரு கறுப்பின வீரன் ஜெயிக்கணும் என்று வெள்ளைக்கார ஜனங்களும் சேர்ந்து ஆசைப்பட்டது பெரிய விஷயம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அது பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனா மறுநாள் காலையில் அந்தத் தனிக் குழாய் அப்படியேதான் இருந்தது. அந்தப் பிரிவினையைத் தடுக்கிற சட்டம் வர 1964 வரை ஆனது. 124 விநாடியால் எல்லாத்தையும் மாற்ற முடியாது இல்லையா? நாம காத்திருக்கும்போது மட்டும் எல்லாமே அன்றைக்கு மாறிடும் என்று தோன்றுகிறது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், நம்ம பள்ளியிலும் இப்போ ஒரு காத்திருப்பு நடக்கிறது. போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நம்ம பெண்கள் கபடி அணி ரெண்டு பாயிண்டில் தோற்றது உங்களுக்கே தெரியும். அந்த அணியில் நானும் கார்னரில் ஆடினேன். அன்றையிலிருந்து கடைக்குப் போனாலும் கேள்வி, தண்ணிக்குப் போனாலும் கேள்வி. "ஏம்மா, இந்த வருஷமாவது பழி தீர்ப்பீங்களா? ஊர் மானம் உங்க கையிலதான் இருக்கு" என்கிறார்கள். ஆசையாகத்தான் சொல்கிறார்கள், அது புரிகிறது. கேட்கச் சந்தோஷமாகவும் இருக்கும், ராத்திரி படுத்தால் பயமாகவும் இருக்கும். காலை எட்டி உதைச்சாவது பிடிச்சிரு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனா அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் என் முட்டியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தன்னோட பாட்டில் தண்ணியை ஊற்றிக் கழுவிவிட்டது அந்த அணிப் பிள்ளைதான். அவளிடம் எனக்கு என்ன பழி? அவளோட திரும்ப ஆடணும், நல்லா ஆடி ஜெயிக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.

தோற்றவர்கள் திரும்ப மோத நினைப்பதில் தப்பே இல்லை. லூயிஸ் அந்த 733 நாளில் என்ன செய்தார்? தோற்ற காரணத்தைத் தெரிந்துகொண்டு இடது கையைச் சரி செய்தார். நாமும் கபடியில் எங்கே விட்டோம் என்று பார்த்துச் சரி செய்யலாம். ஆனா காத்திருக்கிறவர்கள் தங்களோட கோபம், வருத்தம் எல்லாத்தையும் ஆடுகிறவர் தலையில் வைத்துவிடுகிறார்கள். எதிரில் நிற்கிறவரையும் ஒரு ஆளாகப் பார்க்காமல் அரக்கனாக ஆக்கிவிடுகிறார்கள்.

அந்த 'அரக்கன்' என்ன செய்தார் தெரியுமா? அதே 1938 நவம்பரில் பெர்லினில் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கியபோது, ரெண்டு யூதச் சிறுவர்களைத் தன் ஹோட்டல் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். மாட்டியிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. இதை அவர் வெளியே சொல்லிப் பெருமையடிக்கவும் இல்லை. அந்தச் சிறுவர்களில் ஒருவர் பெரியவராகி, 1989-ல் சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தோற்றதே ஒரு விதத்தில் நல்லது என்றும் ஷ்மெலிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜெயித்திருந்தால் ஹிட்லர் ஆட்கள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்களே!

லூயிஸ் 1949 வரை சாம்பியனாக இருந்தார். அந்தப் பட்டத்தை 25 தடவை காப்பாற்றினார். 1942-ல் ரெண்டு சண்டையில் கிடைத்த பணத்தைப் படைவீரர் குடும்ப நிதிக்கே கொடுத்தார். ஆனா பின்னாளில் வரிக்கடனில் மாட்டிக் கஷ்டப்பட்டார். 1954-ல் ஷ்மெலிங் அமெரிக்கா போய் லூயிஸைத் தேடிப் பார்த்தார். அதிலிருந்து ரெண்டு பேரும் நல்ல நண்பர்கள். 1981 ஏப்ரலில் லூயிஸ் இறந்தபோது இறுதிச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர். அவர் 2005-ல் 99 வயதில் இறந்தார்.

மறு ஆட்டத்துக்காகக் காத்திருங்கள், கைதட்டுங்கள், தொண்டை கட்டும்வரை கத்துங்கள். எங்களுக்கும் அது வேணும். எதிர்ப்பக்கம் நிற்கிற பிள்ளைக்கும் ஒரு கைதட்டை மிச்சம் வையுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி