பொம்மசந்திரா சம்பளம்

ஜூன் 18, 2025, புதன்

பிளஸ் டூவுக்குத் தேசிய வருவாய் பாடம் ஆரம்பித்தேன். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று போர்டில் எழுதி, 'நாட்டின் எல்லைக்குள்' என்ற சொற்களுக்குக் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், எங்கப்பா தினமும் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போறாரு. சம்பாதிக்கிறது கர்நாடகாவுல, செலவு பண்றது ஒசூர்ல. அது யார் கணக்குல வரும்?"

11 வருஷமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். உள்நாட்டு உற்பத்திக்கும் தேசிய உற்பத்திக்கும் வேறுபாடு கேட்டால் பிள்ளைகள் இரண்டு வரி மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். நானும் வருஷா வருஷம் துபாயில் வேலை பார்ப்பவரையே உதாரணம் சொல்லி வந்திருக்கிறேன். இவர்களுக்குத் துபாய் தெரியாது. ஜூஜூவாடி தெரியும், அத்திப்பள்ளி தெரியும், விடிவதற்குள் தெருமுனைக்கு வந்து நிற்கும் கம்பெனி பஸ் தெரியும்.

பாடத்தை அப்படியே திருப்பினேன். தமிழ்நாட்டை ஒரு நாடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் உழைப்பு கர்நாடகத்தின் உள்நாட்டு உற்பத்தியில் சேரும். அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளத்தை நம் உள்நாட்டு உற்பத்தியோடு கூட்ட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களின் சம்பளத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் 'தேசிய' உற்பத்தி. காரணி வருமானம் என்று நான் எழுதும் முன்பே பின் பெஞ்சில் கூட்டலும் கழித்தலும் தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை பேர் வடக்கேயிருந்து வந்து வாடகைக்கு இருக்கிறார்கள் என்று.

நிஜத்தில் மாநிலங்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் நடப்பதில்லை என்பதையும் சொன்னேன். எல்லை தாண்டும் சம்பளத்துக்குச் சரியான தரவு கிடையாது. உற்பத்தி எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத்தின் கணக்கோடு சரி.

"அப்போ காலைல போயிட்டு ராத்திரி வர்ற வரைக்கும் எங்கப்பா கர்நாடகா" என்றாள் அந்தப் பெண். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல விடையை நான் எந்தத் தாளிலும் திருத்தியதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது பெஞ்சுப் பையன் தாளில் சுற்றி ஒரு புஷ் கொண்டுவந்தான். அவன் அப்பா ஒரு சின்ன யூனிட்டில் லேத் ஓட்டுகிறார். கட்டைவிரல் பருமன், எண்ணெய் வாசம், வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. உள்ளே விரலை விட்டால் ஓர் ஓரத்தில் சுருக்கென்று குத்தியது. "பிசிர் மிஸ். ரிஜெக்ட் பீஸ், அதான் குடுத்தாங்க."

அதை மேசைமேல் வைத்தே கூட்டு மதிப்பு நடத்தினேன். கணக்குக்காக விலைகளை நாங்களே வைத்துக்கொண்டோம். கம்பி 40 ரூபாய். கடைந்த பிறகு 65. பிளேட்டிங் முடிந்து 80. வண்டியில் ஏறும்போது 110. நாலு கேட் தாண்டுகிறது, நாலு கேட்டிலும் பில். எல்லாவற்றையும் கூட்டினால் 295. இருப்பதோ ஒரே புஷ், 110 ரூபாய். ஒவ்வொரு கேட்டிலும் கூடியது 40, 25, 15, 30. இரட்டைக் கணக்கீடு என்ற சொல்லைக் கடைசியில்தான் எழுதினேன்.

"எங்கப்பா கூட்டினது 25 ரூபாயா மிஸ்?"

அவருடைய கூலி, முதலாளியின் லாபம், கடன் வட்டி, ஷெட் வாடகை எல்லாம் அந்த 25-க்குள்தான் என்றேன். வருமான முறையும் உற்பத்தி முறையும் ஒரே தொகையில் வந்து நிற்பது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கீன்ஸின் வேலைவாய்ப்புக் கோட்பாடு. 1936-இல் வந்த புத்தகம், தொகுத் தேவை, தொகு அளிப்பு, இரண்டு வளைகோடுகள் வெட்டும் புள்ளி. வழக்கமாக வகுப்பு தூங்கி வழியும் இடம் இது. வேலை செய்ய மனமும் தெம்பும் இருந்து, கிடைக்கிற கூலிக்குச் சம்மதித்தும் வேலை இல்லாமல் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். புஷ் கொண்டுவந்த பையன் எழுந்தான்.

"2019-ல எங்கப்பாவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க மிஸ். எட்டு மாசம் வீட்ல இருந்தாரு. ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா ஏன் நிறுத்தப்போறாங்கன்னு எங்க பாட்டி இன்னிக்கும் சொல்லும்."

அப்போது அவர் லாரி பாகங்கள் செய்யும் வேறொரு யூனிட்டில் இருந்தாராம். வளைகோடுகளை அழித்துவிட்டு வருஷங்களை எழுதினேன். 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றலாம் என்ற பார அளவை மத்திய அரசு கூட்டியது. பழைய லாரியிலேயே அதிகம் ஏற்ற முடிந்ததால் புது லாரிக்கான தேவை குறைந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியது. அதனால் வண்டிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களின் கை இறுகியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வரப்போகிறது என்று வாங்குகிறவர்கள் பலர் தயங்கி நின்றார்கள். 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஒசூர் ஆலைகளுக்கு 5 வேலையில்லா நாட்களை அறிவித்தது, எண்ணூரில் 16. பெரிய ஆலை நாளை எண்ணும்போது அதற்கு உதிரி பாகம் செய்கிற சின்ன ஷெட்டுகள் ஆளை எண்ணும்.

"இதுல உங்கப்பா கை எங்கே தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டேன். அவன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்த பிறகும் உட்கார்ந்து அத்தனை வருஷங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டான். நான் போர்டை அழிக்காமல் வந்துவிட்டேன்.

பொருளாதாரம் உள்ள இந்தப் பாடப்பிரிவை மார்க் குறைந்தவர்கள் சேரும் இடம் என்று பள்ளிக்கூடங்களிலேயே பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த ஊரில் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமே இதுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கு அந்த ஆலை கேட்டுகளுக்குள் போகப்போகிறவர்கள் இவர்கள்.

அக்டோபர் 8, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்து மூன்றாம் நாள். செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. லாரிக்கும் அப்படியே. 80,000 ரூபாய் அடக்க விலையுள்ள வண்டிக்கு 8,000 மிச்சம். அந்த 8,000 எங்கே போகும் என்று கேட்டு, பெருக்கி பாடத்தைத் தொடங்கினேன். இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8, அதாவது கூடுதலாக வரும் ரூபாயில் 80 காசு செலவாகும் என்றால் பெருக்கி 5 என்று சூத்திரம் சொல்லும்.

பிள்ளைகள் சூத்திரத்தைக் கேட்கவில்லை. சீட்டுப் பணம் கட்டணும் மிஸ். நகைக்கடன் வட்டி. தீபாவளித் துணிக்கு பெங்களூரு சிக்பேட்டை. கசிவுகள் என்று நான் எழுதவிருந்த பட்டியலில் பாதியை அவர்களே சொல்லிவிட்டார்கள். ஒசூரில் கிடைக்கும் ரூபாய் ஒசூரில் எத்தனை கை மாறும்? இந்த ஊரில் பெருக்கிக்கு எல்லையே பெரிய ஓட்டை.

வி.கே.ஆர்.வி. ராவைப் பற்றிச் சொன்னேன். 1908-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், இந்தியாவின் தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட முன்னோடி, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். அப்படிப்பட்டவரே 1952-இல், கீன்ஸின் பெருக்கி நம்மைப் போன்ற நாட்டில் அப்படியே வேலை செய்யாது என்று எழுதினார். செலவைக் கூட்டினால் இங்கே உற்பத்தி அதே வேகத்தில் கூடாது, விலைதான் ஏறும் என்பது அவர் வாதம். பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை 1972-இல் தொடங்கியவரும் அவரே. பெரிய ஆள் சொன்ன சூத்திரத்தைச் சந்தேகப்படலாமா என்று ஒருத்தி கேட்டாள். ராவ் அதைத்தான் செய்தார் என்றேன்.

வகுப்பு முடிந்து புஷ் கொண்டுவந்த பையன் மேசையருகே வந்தான்.

"லீவுல தளிக்குப் போயிருந்தேன் மிஸ். பாட்டிகிட்ட அந்த 2018, 2019 எல்லாத்தையும் தெலுங்குல சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், 'லாரி வாங்க ஆளில்லன்னா உங்கப்பன் என்னடா பண்ணுவான்'னு சொல்லுச்சு."