கல்யாண முருங்கைக் கிரீடம்

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் கூத்து வாத்தியார்களின் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் காலம். பகலில் பிரசங்கியார் கதை சொல்ல, இரவில் அதே கதையைக் கூத்துக் குழுவான ஜமா ஆடிக் காட்டும். கடைசி நாள் படுகளம், தீமிதி. ஒரு ஜமாவை ஊரார் அமர்த்துவதற்குப் பத்திரம் எதுவும் எழுதுவதில்லை. வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுப்பார்கள். தாம்பூலம் வாங்கிவிட்டால் அந்த இரவு அந்த ஊருக்குச் சொந்தம். வாத்தியார் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும், ஆளை மாற்றியாவது விடியும்வரை ஆட்டத்தை நடத்தித் தந்தாக வேண்டும்.

அந்தப் பணம் தலைக்கட்டு வரியாக வசூலாகிறது. கூத்துப் பக்கமே எட்டிப் பார்க்காமல் தூங்குகிறவரும் கொடுக்கிறார். ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பையன் கூகுள் பேயில் அனுப்பிவிடுகிறான். ‘சாமி காரியம்’ என்கிறார்களே தவிர, கலையை வளர்க்கிறோம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ளாததால்தான் வருஷம் தவறாமல் வசூலாகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் எல்லாத் தெருவிலும் வரி வாங்காத ஊர்களும் உண்டு. வரி வாங்காத தெருவுக்குத் திருவிழாவில் உரிமையும் கிடையாது. ஊர் கூடிக் கலையைக் காக்கிறது என்று பெருமையாக எழுதும்போது அந்த ஊர் எவ்வளவு பெரியது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

வந்தவாசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி துகிலுரிதல் கூத்துப் பார்த்தேன். நடுநிசி தாண்டியிருந்தது. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, செய்யப்போகும் காரியத்துக்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். திரௌபதியின் புலம்பல் உச்சத்துக்குப் போகும்போது ஆர்மோனியம் சட்டென்று நின்றது. கோமாளி வேஷமான கட்டியக்காரன் மைக்கைப் பிடித்து, மேலத்தெருக்காரர் ஒருவர் பேரக்குழந்தை பெயரில் கொடுத்த அன்பளிப்பை, தகப்பன் பெயர் பாட்டன் பெயரோடு அறிவித்தான். பட்டணத்து ரசிகர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். ஊரில் யாரும் சுளிக்கவில்லை. கொடுத்தவருக்கு அதுதான் ரசீது. அறிவிப்பு முடிந்ததும் விட்ட அடியிலிருந்தே புலம்பல் தொடர்ந்தது. கண் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து துடைத்துக்கொண்டார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் முக்காலியில் கைப்பேசியை மாட்டி, யூடியூபில் நேரலை விட்டுக்கொண்டிருந்தார் ஜமாவின் இளவட்டம் ஒருவர். அர்ஜுனன் வேஷம் கட்டுகிறவர். அன்று அவருக்கு விடியற்காலையில் சின்ன வேஷம்தான். “பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரங்க பார்க்குறாங்க சார். அடுத்த வருஷம் எந்த ஜமாவ வைக்கிறதுன்னு அவங்கதான போன் போட்டுச் சொல்றாங்க” என்றார். முன்பெல்லாம் பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்து, திருப்தியானால் தாம்பூலம் கொண்டுவருவார்கள். இப்போது சண்டைக் காட்சியில் வெட்டி எடுத்த துண்டைப் பார்த்துவிட்டு நம்பருக்குக் கூப்பிடுகிறார்கள். விளம்பரம் வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் நிதானமாக இழுத்துப் பாடும் விருத்தத்துக்கு அந்தத் துண்டில் இடம் கிடைப்பதில்லை. கூத்தின் ருசி பாதிக்குமேல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆட்டக்காரர்கள் தங்களுக்காகத் தாங்களே சேர்ந்து நின்ற கதையும் இந்த மண்ணில் உண்டு. பெருங்கட்டூர் ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் 1990இல், கட்டைக்கூத்து என்றும் சொல்லப்படும் இந்தக் கூத்துக்கென்று சங்கம் தொடங்கினார்கள். 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் வந்தது. பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிய கலையில் பெண் பிள்ளைகள் கிரீடம் தரித்து ஆடினார்கள் என்பதற்காக மட்டுமே அந்தக் குருகுலத்தை நினைவில் வைக்கலாம். 2020இல் அது மூடப்பட்டது. செய்யாறு பக்கத்துப் புரிசையிலோ கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான், நாடகாசிரியர் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவோடு சேர்ந்து கூத்தை நகரத்து நாடகக்காரர்களிடம் கொண்டுபோனார். குருகுலம் மூடப்பட்ட அதே 2020இன் மார்ச்சில், பாரதம் தொடங்கும் நேரம் பார்த்து ஊரடங்கு வந்தது. கொடுத்த தாம்பூலங்கள் திரும்பின.

அந்த வருஷத்தில்தான் ஆட்டக்காரர்கள் தங்கள் கட்டையை விற்க வந்தார்கள் என்றார், நான் தேடிப் போன பெரியவர். கட்டை என்பது ராஜ வேஷக்காரர்கள் அணியும் மர நகை: கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம். அதைச் செய்கிறவர் இவர். இளவயதில் துரியோதனன் கட்டியவர். முழங்கால் போன பிறகு உளியைப் பிடித்தார். “வாங்குறவன் விக்க வரக்கூடாது. வந்தா சோத்துக்கில்லைன்னு அர்த்தம். நான் ஒண்ணையும் வாங்கல. அரிசி இருந்தது, கொடுத்தனுப்பினேன்.”

வீட்டின் பின்புறம் கல்யாண முருங்கைத் துண்டுகள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். தூக்கிய கை தானாக மேலே போனது, அவ்வளவு லேசு. வெயிலில் போட்டால் வெடித்துவிடும். தேக்கு நிற்கும், ஆனால் சலங்கை கட்டி விடிய விடியக் கிறிக்கி சுற்றுகிறவனின் கழுத்து நிற்காது. பலகையில் பென்சிலால் உருவம் எழுதி, வேண்டாததை உளியால் எடுத்து, விளிம்பை அரத்தால் நயம் செய்கிறார். பிறகு ஜிகினாத் தாள், பாசிமணி, கண்ணாடிச் சில்லு.

கண்ணாடியில்தான் அவருடைய கைத்திறன். சில்லை மட்டமாக ஒட்டுவதில்லை. பசையை மேல்பக்கம் கனமாகப் போட்டு, மேல் விளிம்பு ஒரு நூல் தூக்கலாக நிற்கும்படி அழுத்துகிறார். அப்போதுதான் வெளிச்சம் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கு வரும். தீவட்டிக் காலத்துக் கணக்கு அது. பெட்ரோமாக்ஸிலும் ட்யூப் லைட்டிலும் தப்பிப் பிழைத்தது. இப்போது எல்.இ.டி. விளக்கில் கேமராவுக்குக் கூசுகிறதாம். கண்ணாடியைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். “செல்லு பார்க்கிறதுக்கா ராஜா வர்றாரு?” என்று கேட்டுவிட்டு, அடுத்த சில்லை எடுத்தார்.

சுவரில் ஜமாக்களின் நோட்டீஸ்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. வாத்தியார், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, வேஷக்காரர்கள், மின்விளக்கு, ஒலிபெருக்கி என்று எல்லோர் பெயரும் இருக்கிறது. கட்டை செய்தவர் பெயர் ஒன்றிலும் இல்லை. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் தேடிப் பார்த்தேன். கூத்துக்கு உதவ நினைப்பவர்கள் மேடைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கிறார்கள். ஒரு ஜமாவுக்கு முழுக் கட்டை செட்டு எடுத்துக் கொடுத்தால் அது பல பாரதம் ஆடும். அந்தச் செட்டுக்காகக் கடன் வாங்காத வாத்தியாரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

மகன் மொபெட்டில் வந்து இறங்கினார். புதுக் கிரீடத்தின் பின்பக்கம் கைப்பேசி எண் எழுதலாம் என்பது அவர் யோசனை.

“பின்னால யாருடா பார்ப்பான்?”

“ஜனம் பார்க்காதுப்பா. திரைக்குப் பின்னால அடுத்த வேஷக்காரன் நிப்பான்ல, அவன் பார்ப்பான். வாங்கப் போறவன் அவன்தான?”

பெரியவர் கிரீடத்தைத் திருப்பி, வெறும் மரமாக இருந்த பின்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எழுதறதுன்னா பெயிண்ட்ல எழுது. ஸ்கெட்ச் பேனா வேர்வைக்கு நிக்காது.”