இடையன்குடியில் ஒரு கோடை

சென்ற கோடை விடுமுறையில் பெற்றோருடன் தில்லியிலிருந்து திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள இடையன்குடிக்குச் சென்றேன். ஏழு வயதுவரை ஆச்சியிடம் நான் வளர்ந்த ஊர் அது. அங்குள்ள ஆலயத்தில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில், சிறுவர்களுக்குக் கதை சொல்லும் பணி எனக்குக் கிடைத்தது.

முதல் நாள், காணாமற்போன ஆட்டின் கதையைப் புத்தகம் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தனர். நான் தலைகுனிந்தேன்.

மாலையில், முதல் வகுப்பில் என்னுடன் படித்த தோழி நுங்குடன் வந்தாள். "நாளை புத்தகத்தை மூடிவிடு. என்னிடம் பேசுவதுபோல் சொல்" என்றாள்.

இரவு, அந்த ஆலயத்தைக் கட்டிய கால்டுவெல் ஐயரைப் பற்றி ஆச்சி கூறினார். அயர்லாந்தில் பிறந்த அவர் தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவருடைய கல்லறையும் அவ்வாலயத்திலேயே உள்ளது. "அவரும் முதலில் தடுமாறித்தான் இருப்பார், மக்கா" என்றார் ஆச்சி.

மறுநாள் புத்தகமின்றிக் கதை சொன்னேன். இடையிடையே சொற்கள் தடைபட்டன. ஆயினும் எவரும் சிரிக்கவில்லை. "ஆடு கிடைச்சுதா அக்கா?" என்று ஒரு சிறுவன் கவலையோடு கேட்டான்.

ஊர் திரும்பும் நாளில் ஆச்சி, "இனித் தொலைபேசி வேண்டாம்; கடிதம் எழுது" என்றார். என் முதல் கடிதத்தில் ஒன்பது பிழைகள். அவற்றைத் திருத்தி, மறுகடிதத்துடன் ஆச்சி அனுப்பினார். சென்ற வாரக் கடிதத்தில் இரண்டே பிழைகள்.