கூட யாரு வர்றது?

என் தொழிலை விளக்கி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்கு பஸ் வந்துவிடும். டூலா என்றால் யாருக்கும் புரிவதில்லை. "நர்ஸா?" இல்லை. "அப்ப மருத்துவச்சியா?" அதுவும் இல்லை. நான் பிரசவம் பார்ப்பதில்லை, ஊசி போடுவதில்லை, வயிற்றைத் தொட்டுச் சோதிப்பதுமில்லை. "பின்னே என்னதான் செய்வீங்க?" வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறந்து பால் குடிக்கிற வரை கூடவே இருப்பேன் என்பேன். இந்த இடத்தில் எங்கள் கோவைக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள்: "கூட இருக்கறதுக்கா காசுங்க?"

நியாயமான கேள்விதான். அம்மா, மாமியார், அத்தை, சித்தி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது வெளியாள் எதற்கு? இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பாசம் தனியாக வராது. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பெற்றவளையே பாருங்கள். மகள் "அம்மா!" என்று முதல்முறை கத்தியதுமே இவளுக்குக் கண் கலங்கிவிடும். மகள் அந்த முகத்தைப் பார்ப்பாள். தனக்கு ஆகக்கூடாத என்னவோ ஆகிறது என்று நினைத்து உடம்பை இறுக்குவாள். இறுக்க இறுக்க வலி ஏறும். அடுத்த அலறலில் அம்மா டாக்டரிடம் ஓடுவாள்: "என்னால பார்க்க முடியல டாக்டர், ஆபரேஷன் பண்ணியே எடுத்துருங்க." அந்த நேரத்தில் தாயும் நலம், பிள்ளையின் துடிப்பும் சீர். ஆபரேஷன் கேட்டது வலி பொறுக்காத மகள் அல்ல, வலியைப் பார்க்கப் பொறுக்காத அம்மா.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இதற்கு அம்மாக்கள்தான் காரணம் என்று பழி போட மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் வராந்தாவில் சுற்றும் பயத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை லேபர் வார்டில் நின்றவர்கள் மறுக்க மாட்டார்கள்.

மார்ஷல் கிளவுஸ், ஜான் கென்னல் என்ற இரு குழந்தை மருத்துவர்களும் அவர்கள் குழுவினரும் கௌதமாலா ஆஸ்பத்திரி ஒன்றில் செய்த ஆய்வு 1980-ல் வெளியானது. தனியே வலியெடுத்துக் கிடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் துணைக்கு ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. அந்தப் பெண்களுக்கு முன்பின் தெரிந்தவர்களும் இல்லை. முதுகைத் தேய்த்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், பேச்சுக்கொடுத்தார்கள். சிக்கலில்லாமல் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் பாதிக்கும் கீழே போயிருந்தது. பிறகு 17 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையும் அதே திசையில்தான் பேசியது: கூடவே ஆள் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைகிறது.

அப்படி என்ன செய்துவிடுகிறோம்? பிள்ளையின் பின்மண்டை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் வலி மொத்தமும் இடுப்பில் இறங்கும். வலி வரும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து என் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துவேன். "இன்னும், இன்னும்" என்பாள். வலி இறங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்போது தொட்டாலே எரிச்சல் வரும். இரண்டு வலிகளுக்கு நடுவே கிடைக்கிற சில நிமிடத்தில் அவள் நின்றபடியே, கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கிப்போவாள். அந்தத் தூக்கத்தை யாரும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. விழித்ததும் ஒரு வாய் இளநீர், நெற்றிக்கு ஈரத்துணி. மூச்சை இழுத்துப் பிடிக்காமல் மெதுவாக விடச் சொல்லி, நானும் கூடவே விடுவேன்.

மீதி வேலை அறைக்கு வெளியே. அம்மாவிடம், பிள்ளையைச் சுற்ற வைத்திருக்கும் பழைய வேட்டித் துணியை மடிக்கக் கொடுப்பேன். கைக்கு வேலை வந்தால் கண்ணுக்கு ஓய்வு. கணவனிடம், "சொந்தக்காரங்க போன் எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிடுவேன். வலி வர மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் சொன்னால் வேண்டும், வேண்டாம் என்று நான் வாய் திறப்பதில்லை. ஏன் வேண்டும், காத்திருக்க நேரம் இருக்கிறதா, காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பேன்.

வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு நான் ஆள் இல்லை. 2018-ல் பக்கத்துத் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தார். ஆஸ்பத்திரி வந்த பிறகுதான் நம் பெண்கள் பிழைத்தார்கள். வீட்டுப் பிரசவத்தில் கூட இருந்த கைகளை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2004-லேயே கதவைத் திறந்தது: அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் உடனிருக்கலாம். 2016-ல் மத்திய அரசும் இதற்கு நெறிமுறை வகுத்தது. துணைக்கு வருபவர் பெண் உறவினராக, முடிந்தால் தானும் பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் கூடாது, ஊழியர்கள் வேலையில் தலையிடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இலவசப் பிரசவத்தில் அத்தை உள்ளே போகிறார். லட்சக்கணக்கில் வாங்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சிசேரியன் ஆகிவிட்டால் நான் தோற்றதாக அர்த்தமில்லை. தேவைப்பட்ட சிசேரியன் உயிர் காக்கிறது. பார்க்க வருகிறவர்கள் "நார்மல் ஆகலியா?" என்று உச்சுக்கொட்டும்போது, தையல் வலியோடு கிடக்கிறவளுக்குத்தான் முன்னைவிடத் துணை வேண்டும். பால் கொடுக்க எப்படி ஒருக்களித்துப் படுப்பது என்று காட்ட அப்போதும் ஒரு கை வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய நகரத்தில் பணம் கொடுத்து ஆள் வைக்க முடிகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு ஒரு யோசனை. "கூட யாரு வர்றது?" என்று சிஸ்டர் கேட்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதீர்கள். வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே அதையும் பேசி முடியுங்கள். பெண்மேல் யாருக்குப் பாசம் அதிகம் என்று தேட வேண்டாம். அவள் அலறும்போது யார் அலறமாட்டார் என்று பாருங்கள். சின்ன மாமியாரோ, பெரியம்மா மருமகளோ, அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள். அவளை அடுத்த செக்கப்புக்கே கூட்டிப்போய் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் அறிமுகப்படுத்திவிடுங்கள். அப்படி ஒருத்தி கிடைக்காத வீட்டுக்கு நான் வருகிறேன்.