காலையில் என்ன சாப்பிடுறீங்க டீச்சர்?



போன வாரம் ஒரு கிண்ணம் கார ஓட்ஸ் கஞ்சிப் படம் போட்டிருந்தேன். "டீச்சர், செய்முறை சொல்லுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். "குதிரைத் தீனியையா சாப்பிடுதீக மதினி?" என்று ஒருவர் சிரித்திருந்தார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டது போல இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.2 என்று வந்தது. கொழுப்பும் கூடுதல். டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "காலையில என்ன சாப்பிடுறீங்க டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. சர்க்கரை போட்ட காபி இரண்டு, கூட இரண்டு பிஸ்கட். பதினொரு மணிக்கு வீட்டுக்காரர் சாப்பிட்டது போக மிச்சம் கிடக்கும் இட்லி, அதுவும் நின்றுகொண்டே. அதற்குப் பெயர் காலை உணவா?

1986-இல் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து 7.10 பஸ்தான். பிள்ளைகளுக்குத் தலை பின்னி, எல்லாருக்கும் டிபன் கட்டி, ஓடிப்போய் ஏறினால் கரிசல் காட்டுப் பள்ளியில் பிரேயர் மணிக்கு இறங்குவேன். அது 35 வருஷம். 2021-இல் ஓய்வு பெற்றேன். இப்போது பஸ் இல்லை, மணி இல்லை. ஆனாலும் காலையில் உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெரியவில்லை. பழகாததுதான் காரணம்.

இந்த லட்சணத்தில் உங்களுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியிருக்கிறேன். "காலை உணவைத் தவிர்க்கக் கூடாது" என்று போர்டில் எழுதிப்போட்டு ஐந்து முறை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் பிரேயரில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்துவிட்டு, "சாப்பிட்டு வர வேண்டியதுதானே, அதுக்குக்கூட நேரமில்லையா?" என்று சத்தம் போட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "அம்மா விடியக்காலமே தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குப் போயிருவாங்க டீச்சர்." மதியத்துக்குச் சத்துணவு இருந்தது. காலை வயிறு அன்றைக்கு யார் கணக்கிலும் இல்லை. அவளைத் திட்டிய நானும் அன்று வெறும் காபியோடுதான் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டாக்டர் கேட்ட அன்று அந்தப் பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, கஞ்சிக்கு வருவோம். ஓட்ஸ் வாங்கிச் சொன்னது மகள். முதல் நாள் பாலில் போட்டுக் காய்ச்சினேன். சார்ட் ஒட்டக் காய்ச்சுவோமே மைதா பசை, அதே பதம். வீட்டுக்காரர் கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், விழவில்லை. "இதை வச்சு இந்தியா மேப்பை ஒட்டலாம்" என்றார். நம் நாக்குக்கு உப்பும் மிளகும்தான் சரி என்று அன்றே முடிவாயிற்று. நாலைந்து தடவை கெடுத்த பிறகு பிடிபட்ட முறை இது.

இரண்டு பேருக்கு ஒரு கப் ஓட்ஸ், ஏறக்குறைய 80 கிராம். மசாலா கலந்த பாக்கெட் வேண்டாம். அதில் உப்பு அதிகம். வெறும் ஓட்ஸை எண்ணெய் இல்லாமல் மூன்று நிமிஷம் வாசம் வர வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பசை ஆகாமல் இருக்க இதுதான் வழி. இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பையும் வறுத்துக் கழுவி வையுங்கள்.

குக்கரில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம் தாளித்து, நறுக்கிய கேரட், பீன்ஸ், பருப்பு, மஞ்சள்தூள் சேர்த்து மூன்றரை கப் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விடுங்கள். ஆவி அடங்கியதும் திறந்து ஒரு கை முருங்கைக்கீரை, வறுத்த ஓட்ஸ், அளவாக உப்பு. சிறு தீயில் ஐந்து நிமிஷம். இன்னும் கொஞ்சம் தளதளவென்று இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஆற ஆற இறுகும். கடைசியில் எலுமிச்சை பிழியலாம். மேலே அவித்த முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வறுத்த நிலக்கடலை.

அந்த வழவழப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதுதான் பீட்டா குளுக்கான் என்கிற நார்ச்சத்து. குடலில் கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்கும். கொழுப்பு குறையவும் உதவும். ஆனால் ஓட்ஸும் மாவுச்சத்துதான். நல்லது என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். ஆளுக்கு 40 கிராம் போதும். ஓட்ஸ்தான் வேண்டும் என்றும் இல்லை, மதினி என்று கூப்பிட்டுச் சிரித்தவரே! குதிரைவாலி, சாமையிலும் இதே கஞ்சி வைக்கலாம். வேக மட்டும் நேரம் கூடும்.

கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரை 7.1. கஞ்சி மட்டும் செய்த வேலை அல்ல. மாத்திரையும் நடையும் சேர்ந்ததுதான். யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எனக்குப் பெரிய மாற்றம் வேறு. இப்போது எட்டரை மணிக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறேன். முதல் வாரம் யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது போலக் கூச்சமாக இருந்தது. 62 வயதில் முதன்முதலாக எனக்கென்று அடுப்புப் பற்ற வைத்தேன்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் தொடங்கியதை டிவியில் பார்த்தேன். அடுத்த வருஷம் அது எங்கள் பழைய பள்ளிக்கும் வந்தது. போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சூடாகக் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொடிக்கம்பம் அதே இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை இதைப் படிக்கிறாளோ என்னவோ. படித்தால், அம்மா, அன்றைக்கு உன்னைத் திட்டியது என் தப்பு. என் டப்பாவை உன்னிடம் நீட்டியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டிருக்கலாம்.

உங்களில் பலர் இன்று நான் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? உட்கார்ந்தா, நின்றா? கீழே எழுதுங்கள். பொய் எழுதினால் டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்